மூன்று டின்களில் வேர்விட்ட பூசணி

தையல்காரர் வீட்டுப் பூசணி இருநூறு கிலோவைத் தாண்டிய வாரத்தில் இருபத்தேழு கிலோ இருந்த அவருடைய ஒன்பது வயது மகள் ஆறு கிலோ இருந்தாள். நோய் எதுவும் இல்லை. மூன்று வேளையும் சாப்பிட்டாள், கன்னம் வற்றவில்லை, போன வருடத்துச் சட்டை அதே இறுக்கத்தில் இருந்தது. எடை மட்டும் போய்விட்டது.

பெரிய காய் வளர்ப்பவர்கள் ஒரு கொடிக்கு ஒரே பிஞ்சை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார்கள். கொடியின் கணுக்களை மண்ணில் புதைப்பார்கள். ஒவ்வொரு கணுவும் வேர்விட்டுக் காய்க்குத் தனியாக ஊட்டும். தையல்காரரின் தோட்டம் பத்தடிக்கு எட்டடி, புதைக்க இடமில்லை. அவர் கொடியை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இழுத்து, மூன்று எண்ணெய் டின்களில் மண் நிரப்பி, டின்னுக்கு ஒரு கணுவாகப் புதைத்தார். ஒரு டின் தையல் மெஷினுக்குக் கீழே, ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில், ஒன்று மகளின் கட்டிலுக்கு அடியில். பழகியவன் இதைச் செய்திருக்க மாட்டான். அவருக்கு அது முதல் வருடம், காய்கறிப் போட்டியில் பெயரும் கொடுத்துவிட்டார்.

மனைவி பார்சல் ஆபீஸில் எடை போடுபவள். தினமும் காலையில் தானே மேடையில் ஏறித் தராசைச் சரிபார்ப்பாள், அறுபத்து மூன்று காட்டினால் தராசு சரி. ஒருநாள் ஐம்பத்தெட்டு காட்டியது. மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி போனான். அவள் இருபத்திரண்டுக்கு இறங்கியபோது மகளையும் கூட்டிப்போய் ஏற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கொடிய அறுத்து விடுங்க. பிள்ள காத்துல போயிடுவா."

"உன் தராசு கெட்டுப்போச்சு. டேப்பு பொய் சொல்லுமா? பிள்ளைக்கு மார்பு இருபத்தஞ்சு இஞ்சு, இடுப்பு இருபத்திரண்டு. ஒரு நூல் குறையல."

"டேப்பு கனத்த அளக்குமா?"

"போட்டிக்குப் பதினோரு நாள்தான் இருக்கு. பொறு."

"பொறுக்கிறேன். அதுவரைக்கும் பட்டம் மாதிரி நூல் கட்டி ஸ்கூலுக்கு அனுப்புறேன்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் மகளின் பாவாடை மடிப்பில் இரும்பு வாஷர்களை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அவருடைய மெஷினிலும் பெடல் சரியாக இறங்கவில்லை. எண்ணெய் விட்டார். தராசில் மட்டும் ஏறவில்லை. ஏறியிருந்தால், எழுபத்தொன்று காட்டிய ஆளுக்குப் பதினைந்து காட்டியிருக்கும்.

ஐந்தாம் நாள் அந்தப் பாவாடை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வேறு பாவாடையில் கேட்டருகே நின்ற மகளை, கடந்துபோன லாரியின் காற்று தூக்கி மதில்மேல் உட்கார வைத்தது. அப்பா ஓடி வந்தார். அவள் அழவில்லை, திட்டு விழும் என்றுதான் பயந்தாள்.

"அப்பா, நான் குதிக்கல."

அவளை ஒரே கையால் இறக்கினார். ஜாக்கெட் துணி மூட்டைகூட அவளைவிடக் கனக்கும். காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தராத பெரிய கத்தரியை எடுத்துவந்து கொடியை அறுத்தார். போட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சில்லை.

எடை திரும்பவில்லை. ஆறு பேர் சேர்ந்து காயைப் பார்சல் ஆபீஸுக்குத் தள்ளிப்போனார்கள். இருநூற்று முப்பது. அன்றுதான் தையல்காரரும் தராசில் ஏறினார். "இதுல நூத்திப் பதினெட்டு நம்மளோடது. மிச்சம்தான் தண்ணியும் எருவும்," என்றாள் மனைவி. தின்று தீர்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. யாருடையது எந்தப் பக்கம் என்பதில் மூன்று நாள் குழப்பம். கடைசியில் காம்புக்கு இடதுபுறம் மெஷின், நடுவில் அடுப்பு, வலதுபுறம் கட்டில் என்று தையல்காரர் முடிவுசெய்து, டேப் பிடித்து, தையல் சாக்பீஸால் கோடு போட்டார். அது சரியாகவே இருந்தது. ஆனால் முப்பது வருடமாகத் துணியைப் புரட்டிப் போட்டு வெட்டிய கை. அந்த ஆறு பேரையும் வைத்துக் காயையும் புரட்டிப் போட்டுத்தான் வெட்டியது. இடது வலதானது யாருக்கும் உறைக்கவில்லை.

முப்பத்தேழு நாள் தின்றார்கள். பக்கத்து வீட்டு டிரைவர் கேட்டாரே என்று மனைவி தன் பங்கில் ஒரு துண்டு கொடுத்தாள், அதோடு அவளுடைய அறுநூறு கிராம் போய்விட்டது. திருப்பிக் கேட்க முடியுமா? கடைசித் துண்டு முடிந்ததும் மூவரும் தராசில் ஏறினார்கள். மனைவி அறுபத்திரண்டு கிலோ நானூறு கிராம். மகள் அறுபத்திரண்டு. தையல்காரர் முப்பத்தாறு.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் அவளுக்கு மட்டும் இரும்பு நாற்காலி. ஊஞ்சலில் அவளோடு யாரும் ஏறுவதில்லை. தையல்காரர் மெஷினுக்கு மோட்டார் வைத்துக்கொண்டார், வாஷர்கள் அவர் வேட்டி ஓரத்துக்கு மாறிவிட்டன. காற்றடிக்கும் நாட்களில் சாலையைக் கடக்கும்போது மகள்தான் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். லாரி வந்தால் பிடி இறுகும்.

"அப்பா, குதிக்காதீங்க."

"நான் குதிக்கலம்மா."