முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை

தர்மபுரியில் சென்றாயன் போர்டு எழுதாத கடை கிடையாது. அவன் எழுத்துக்கு வால் நெளியும், வாலில் பூ பூக்கும், பூவுக்கு நிழல் விழும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு 1938-ல் கண் மங்கிவிட்டது. கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் புகை. மெல்லிய கோடு கிட்டத்திலும் தெரியவில்லை. சங்கதி அவன் பெண்டாட்டி கண்ணம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே கசிந்தால் எவன் வேலை கொடுப்பான்? அடுப்பில் பூனைதான் தூங்கும்.

அந்த நேரம் பார்த்தா மாரப்ப முதலாளி கூப்பிட்டு அனுப்ப வேண்டும்! தீர்த்தமலைக்கு ஓட்டப் புது பஸ் வாங்கியிருந்தார். செத்துப்போன தன் தாயார் சாலம்மாளின் பெயரை வண்டியின் பக்கவாட்டில் எழுதச் சொன்னார். முடியாது என்று சொல்ல வாய் வருமா? "ஆகட்டுங்க" என்றுவிட்டான்.

"முடியிற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாதுங்க" என்று ஷெட்டில் படுதா கட்டிக்கொண்டு இருவரும் உள்ளே புகுந்தார்கள். கண்ணம்மாளுக்கோ எழுத்து வாசனையே கிடையாது. நல்ல ஜோடிதான் போங்கள்! அவன் ஒவ்வொரு எழுத்தையும் அவள் உள்ளங்கையில் விரலால் போட்டுக் காட்டினான். அவள் கரித்தூள் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டி மஞ்சள் தகட்டில் நேர்கோடு போட்டாள். வளைவுக்கு நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையைச் சுற்றினாள். புள்ளிக்கு டப்பா மூடி. வால் இல்லை, பூ இல்லை, நிழல் இல்லை. எல்லாக் கோடும் ஒரே பருமன், நாலு விரல் அகலம். அந்தப் பட்டைக்குள் சிவப்பு வண்ணம் பூச மட்டும் அவனால் முடிந்தது.

"எழுத்தாட்டம் இருக்குதா புள்ள?"

"எனக்கென்ன தெரியும்? மச்சு வூடு கட்டி நிறுத்துன மாதிரி இருக்குது."

அவன் தூரிகையை மறுபடி வண்ணத்தில் தோய்த்தான்.

மூன்றாம் நாள் வண்டியை வெளியே தள்ளினார்கள். முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை ஒரே பெயர். கூடியிருந்த கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. மானம் போச்சு என்று நின்றான் சென்றாயன்.

"அடேயப்பா!" என்றார் முதலாளி. "எங்காத்தா இம்மாம் பெரியவளா!"

சென்றாயனுக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து சாலைக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடிக்குப் போனான். முகங்கள் மறைந்தன, சக்கரங்கள் மறைந்தன. சிவப்பு எழுத்து மட்டும் அப்படியே நின்றது.

"சா... லம்... மாள்! தெரியுதுடி கண்ணம்மா! இங்கிருந்து எனக்கே தெரியுதுடி!"

"ஏன்யா, அப்ப உனக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணம்மாளோடு சாலையைத் தாண்டி வந்தார் முதலாளி.

நாக்கைக் கடித்து என்ன பயன்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முதலாளி கண்ணம்மாளின் கரி படிந்த கட்டைவிரலையே பார்த்தார்.

"எழுதுனது நீயாம்மா?"

"எழுத்து அவருதுங்க. நான் கோடுதான் போட்டேன்."

"இனிமே என் வண்டிக்கெல்லாம் நீங்க ரெண்டு பேருந்தான் எழுதணும்" என்றார் அவர்.

சென்றாயன் மரத்தடியை விட்டு நகரவில்லை. கண்ணீரிலும் கலையாத அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.