பார்க்கலாம் என்று சொன்னவர்கள்

லைன்மேனின் முதுகெலும்பு ஆபரேஷனுக்காகத் தொழிற்சங்கக் கூடத்தில் நடந்த சாப்பாட்டுக்கு முழு ஆட்களைவிடப் பாதி ஆட்களே அதிகம் வந்தார்கள். இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள், எதிர்பார்த்ததில் பாதிக் கூட்டம்தான் வந்தது என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. கூட்டம் நிறையவே வந்தது. வந்தவர்களில் பலர் பாதியாக இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் பூசணிக்காய் கொள்ளை மலிவு, வெங்காயமோ கிட்டே நெருங்க முடியாத விலை. மார்க்கெட்டில் பல நாள் அதைத்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

சமைத்தது லைன்மேனின் அக்கா. பஸ் டிப்போ கேன்டீனில் அவள்தான் சமையல். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவரான டிப்போ மேனேஜருக்கும் அக்காதான். அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தவள். அவன் ஒரு ஆளாகட்டும் என்று கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டதில் அந்தப் பேச்சு தானாக அடங்கிவிட்டது. தம்பியும் ஆளானான், மின்சார ஆபீஸில் லைன்மேன் ஆனான், ஒரு மழைநாளில் கம்பத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆபரேஷன் செய்தால் நடந்தாலும் நடப்பான், போனாலும் போய்விடுவான். செய்யாவிட்டால் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் மறுபடி தன் காலால் நடந்து வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு டிக்கெட் போடலாமா என்று பேச்சு வந்தபோது சங்கச் செயலாளர் வேண்டாம் என்றார். டிக்கெட் வாங்கினவன் தட்டை எடைபோட்டுப் பார்ப்பான். வாசலில் ஒரு தகரப் பெட்டியை வைத்தால் வெட்கத்துக்காவது கூடப் போடுவான் என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லதுதான், ஆனால் டிக்கெட் இல்லையென்றால் எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? மிஞ்சினால் தம்பியின் காசு சாக்கடையில் போகும். பற்றாவிட்டால், பசியோடு திரும்பினவன் வாய் சும்மா இருக்காது. அக்கா யோசித்து, இழுத்தால் நீள்கிற சாப்பாடாகத் தீர்மானித்தாள். அரிசி, பருப்பு, பூசணி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே அண்டாவில். ஆள் கூடினால் வெந்நீர் விட்டுத் தளர்த்தலாம், குறைந்தால் கெட்டியாக விட்டுவிடலாம். கறி இல்லை, முட்டை இல்லை. வெங்காயத்தை மட்டும் கொஞ்சமாக வாங்கி, பொடியாக நறுக்கி, சிவக்க வறுத்து மேலே தூவுவது. அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டால் தட்டில் என்ன இல்லை என்று யாரும் தேடமாட்டார்கள் என்பது அவள் அனுபவம். தட்டும் சின்னத் தட்டு. பெரிய தட்டில் போட்டால் பரிமாறுகிறவள் கஞ்சம் என்று பெயர் வரும்.

எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளக் கடை கடையாக, வீடு வீடாகப் போய்க் கேட்டாள். இங்கே அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே யாரும் வரமாட்டேன் என்று சொல்வதில்லை, அது முகத்தில் அடித்தாற்போல இருக்குமாம். வருகிறேன் என்றும் சொல்வதில்லை, அப்புறம் போய்த் தொலைக்க வேண்டுமே. ஆகவே எதற்கும் ஒரே பதில், பார்க்கலாம். பெண் கேட்டாலும் பார்க்கலாம், கடன் கேட்டாலும் பார்க்கலாம், பல்லைப் பிடுங்கட்டுமா என்று டாக்டர் கேட்டால் வாயைத் திறந்தபடியே பார்க்கலாம். தையல்காரர் வாயில் குண்டூசியோடு பார்க்கலாம் என்றார். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்துக்கொண்டே பார்க்கலாம் என்றார். இந்த விஷயத்தில் லைன்மேன் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவன். முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் தலையைக் கோதிவிட்டு அக்கா விளையாட்டாகக் கேட்டாள்.

"நாளைக்கு உனக்காகத்தான் ஆக்குறேன். நீ வருவியாடா?"

அவன் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துச் சிரித்தான். "பார்க்கலாம்க்கா."

பார்க்கலாம் என்றால் வரவில்லை என்றுதான் அர்த்தம், அவர்கள் பெயரை அடித்துவிட்டு ஆக்குங்கள் என்றார் செயலாளர். அக்கா கேட்கவில்லை. பார்க்கலாம் என்கிறவர்களில் பாதிப் பேர் வருவார்கள் என்பது அவள் கணக்கு, அது சரியான கணக்கும்கூட. தப்பு அவள் அளந்த விதத்தில் நேர்ந்தது. கேன்டீனில் அவள் ஆளைச் சொல்லித்தான் அளப்பாள். ஒரு பழைய பால்பவுடர் டப்பா, ஆளுக்கு ஒரு டப்பா அரிசி. ஏழாம் நம்பர் டிரைவருக்கு ஒன்று, டயர் மெக்கானிக்குக்கு ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவாள். அப்படிச் சொல்லி அளந்த ஆள் சாப்பிட வராமல் போனதே இல்லை. லீவில் இருந்தவன்கூடச் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான். அன்றும் அதே பழக்கம். ஊர் வழக்கத்தை மீறி வருகிறேன் என்று சொல்லிவிட்ட சிலருக்கு டப்பா நிறைய. பார்க்கலாம் என்றவர்களுக்கு டப்பாவின் நடுவே இருந்த நெளிவு வரைக்கும். தையல்காரருக்கு அரை, மருந்துக்கடைக்காரருக்கு அரை, பல் டாக்டருக்கு அரை. எல்லோரையும் மொத்தமாகக் கூட்டிப் பாதியாக்கியிருந்தால் பாதிப் பேர் வந்திருப்பார்கள். அவள் ஒவ்வொருவரையும் பாதியாக்கிவிட்டாள். கடைசியில், கை பாட்டுக்கு, தம்பிக்கு அரை என்று சொல்லி அதையும் போட்டாள்.

சாயங்காலம் முதலில் முழு ஆட்கள் வந்தார்கள், செருப்புச் சத்தத்தோடும் பிள்ளைகளோடும். அவர்கள் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். பாதி என்றால் கத்தியால் நறுக்கின பாதி அல்ல. தலை, கை, கால் எல்லாம் இருந்தன. ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருந்த சுவர்க்கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. உட்கார்ந்தால் நாற்காலி முனகவில்லை. யாரோ காற்றாடியின் வேகத்தைக் கூட்டியபோது மருந்துக்கடைக்காரர் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேச்சும் பாதியில் நின்றது. தையல்காரர் அக்காவைப் பார்த்து, "சாப்பாடு ரொம்ப" என்றார். ரொம்ப என்ன என்பது கடைசிவரை வரவில்லை. இத்தனை வாய்கள் மென்றும் கூடத்தில் ஒரு வீட்டில் கேட்கிற அளவுக்குத்தான் சத்தம் இருந்தது. பிள்ளைகள் அம்மாமார்களின் மடியில் ஏறிக்கொண்டார்கள். செயலாளர் எழுந்து அக்காவின் பக்கத்தில் போய் நின்றார்.

"பெட்டியில போடுறாங்களா?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"போடுறாங்க."

"அப்ப சரி" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அதே நேரத்தில் தையல்காரர் தன் கடையில் உட்கார்ந்து காற்சட்டை வெட்டிக்கொண்டும் இருந்தார். அவர் வாயில் வறுத்த வெங்காய வாசனை அடித்ததால், தனக்குத் தெரியாமல் எங்கேயோ தின்றுவிட்டு வந்திருக்கிறார் என்று அவர் மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

அண்டாவின் அடி தெரிகிற நேரத்தில் லைன்மேன் உள்ளே வந்தான். ஆஸ்பத்திரியின் நீல உடுப்பு, வெறும் கால். நடந்து வந்தான். அக்காவின் கையிலிருந்து கரண்டி நழுவவில்லை, வருடக்கணக்காகப் பிடித்துப் பழகின கை. அவன் அவள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் அடியைச் சுரண்டி வைத்தாள், சரியாக அரைத் தட்டு வந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தாள். கொடியில் காய்கிற சட்டையைத் தொட்டாற்போல இருந்தது. அவன் வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, "அக்கா, இன்னும்" என்றான். அண்டாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அவ்வளவு சரியாக ஆக்கியதற்காகச் செயலாளர் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கோ தன் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

பெட்டியில் ஆபரேஷனுக்குப் போதுமான பணம் சேர்ந்துவிட்டது. பாதி ஆட்கள் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவரோடு சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் ஊரில் பலருக்கு உடம்பு அசதியாக இருந்தது, பர்ஸ் இளைத்திருந்தது, காரணம் தெரியாமல் சிலர் பிள்ளைகளை அடித்தார்கள். லைன்மேன் மட்டும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. அக்காவின் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தவன் மெத்தையின் கோடுகள் தெரிகிற அளவுக்கு மங்கிவிட்டான் என்று நர்ஸ் ஆள் அனுப்பினாள். டாக்டர் வந்து பார்த்து, பாதி ஆளுக்கு மயக்க மருந்து எவ்வளவு என்று தனக்குச் சொல்லித்தரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் முழுசாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்த நாட்களில் அவன் வீடு முழுக்க நடந்துகொண்டே இருந்தான். தெருமுனைக் கம்பத்தின் கீழே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். ஏன் திரும்பிப் போகமாட்டேன் என்கிறான் என்பது அக்காவுக்குப் புரியாமலில்லை. அங்கே போனால் கால் இல்லை. நடக்கிற அரைத் தம்பி போதும் என்று அவளுக்கே ஒரு நாள் தோன்றியது. அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் கட்டிலில் மூச்சு தேயத் தேய இங்கேயும் அவன் தேய்ந்தான். வியாழக்கிழமை அவன் ஜன்னலோரம் நின்றபோது எதிர்வீட்டுக் கொடியில் என்னென்ன துணி காய்கிறது என்று அவன் வழியாகவே அவளால் சொல்ல முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னாள். "போடா. போய் அந்த உடம்புல படு."

"பார்க்க" என்றான் அவன்.

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பொறந்ததுலேருந்து இதே பேச்சு. ஒரு தடவையாவது ஒண்ணைத் தீர்த்துச் சொல்லு. எனக்கு நீ பாதியா வேண்டாம்டா. இருந்தா முழுசா இரு."

அவன் நீல உடுப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டான். பிறகு வாசலைத் தாண்டும்போது, "வர்றேன்" என்றான். போயிட்டு வர்றேன் என்று எல்லோரும் சொல்கிற சாதாரண வார்த்தைதான். எப்போதும் முன்பாதியோடு நின்றுவிடுகிற வாயிலிருந்து அன்று பின்பாதி மட்டும் வந்தது. அவன் விடைபெற்றானா, வாக்குக் கொடுத்தானா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவன் முழு ஆளானான். டாக்டருக்குத் திருப்தி. ஆபரேஷன் நடந்தது. அவன் கண் விழிக்கவில்லை. மறுநாள் மதியம் ஈர மண்ணில் அடக்கம் செய்தார்கள். பார்க்கலாம் என்று யாரிடமும் சொல்லாமல் ஊர் முழுவதும் வந்திருந்தது. எல்லோரும் கலைந்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள், அவள் கைக்கு வேறு வேலை தெரியாது. டப்பாவை நிறைய எடுத்து, "தம்பிக்கு ஒண்ணு" என்று சொல்லிப் போட்டாள். பழக்கத்தில் சொன்னாள் என்பார்கள் சிலர், வேண்டுமென்றேதான் சொன்னாள் என்பார்கள் சிலர். சோறு வடிக்கிற நேரத்தில் வாசலில் காலடி கேட்டது. அவன் நடந்து வந்து எதிரே உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. அவனுக்குப் பின்னால் இருந்த சுவர் தெரியவில்லை. அக்கா கத்தவில்லை, ஓடவில்லை. அவன் பாதங்களில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"கால் கழுவிட்டு வா" என்றாள்.

அதன் பிறகு தினமும் வந்தான். இரண்டாம் தடவை கேட்டால் வைப்பதற்கு எப்போதும் சோறு இருந்தது. சாப்பிட்டுவிட்டு வர்றேன் என்று சொல்லிப் போவான், எங்கே என்று அவள் கேட்டதில்லை. முற்றத்தில் சேருகிற மண்ணை வாரம் ஒருமுறை வாரிக் கொட்டினாள். முதலில் அந்தத் தெரு வழியாகப் போகப் பயந்தவர்கள், பிறகு அவனைப் பார்த்தால் மின்தடை எப்போது சரியாகும் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஊரில் பார்க்கலாம் என்ற வார்த்தை அடியோடு ஒழிந்தது. வருகிறேன், அல்லது வரமாட்டேன், முகத்துக்கு நேரே. மரியாதை தெரியாத ஊர் என்று பக்கத்து ஊர்களில் பெயர் வந்தாலும் சமையல்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். வெங்காய விலை இரண்டு முறை இறங்கி ஏறியது. அக்காவுக்கு முடி நரைத்தது, தம்பிக்கு நரைக்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்த வருடத்தில் அவள் செயலாளரைக் கூப்பிட்டு, எனக்கப்புறம் சாயங்காலம் வந்து ரெண்டு பேருக்கு அளக்க முடியுமா என்று கேட்டாள். அவருக்கு மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்காவிடம் சொல்லாமல் வைத்திருந்த ஆசைகளும் சில இருந்தன. வர்றேன் என்றார்.

அந்த வீட்டில் இப்போது அவர்தான் அளக்கிறார். தம்பிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. உப்பு கொஞ்சம் கூடிப்போகிறது என்று அக்கா குறை சொல்கிறாளாம்.