ஆள் இல்லாதபோது எரியும் ட்யூப்லைட்

ஈஜிபுராவில் சந்தானம் குடியிருந்த வீட்டின் சமையலறையில், பாத்திர அலமாரிக்கு அடியில் இருந்த இரண்டடி ட்யூப்லைட், வீட்டில் ஆள் இருந்தால் எரியாது. எல்லோரும் கிளம்பி வாசலைப் பூட்டியதும் எரியும். 1991 டிசம்பருக்கு முன்பு அதுவும் மற்ற வீட்டு ட்யூப்லைட்டுகளைப் போலத்தான் இருந்தது. கூரையில் தொங்கிய பல்பு வனஜாவின் முதுகுப்பக்கம் இருந்ததால் அவள் நிழலே காய் நறுக்கும் பலகைமேல் விழுந்து விரலை மறைக்கிறது என்று, அவள் கணவன் சந்தானம்தான் அதை அலமாரிக்கு அடியில் பொருத்திக் கொடுத்தான்.

அந்த டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக நகரத்தில் கல்லெறியும் தீவைப்பும் நடந்தன. தமிழ் பேசும் வீடுகளைத் தேடித் தெருத்தெருவாக ஆட்கள் வந்தார்கள். மாடியில் இருந்த வீட்டுக்காரர் ருத்ரப்பா நல்ல மனிதர். சந்தானத்தையும் வனஜாவையும் அப்போது சிறுமியாக இருந்த அவர்கள் மகள் கிருத்திகாவையும் உள்ளே வைத்து, வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டு, கேட்டை மறித்து நின்றுகொண்டார். "மனேலி யாரூ இல்லப்பா, எல்லாரூ ஊரிகெ ஹோகிதாரெ" என்று பெற்ற தாய்மேல் ஆணையிட்டுச் சொன்னார். வீட்டில் யாரும் இல்லை, ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நம்பி வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சமையலறைத் தரையில் மூவரும் மூச்சடக்கி இருட்டில் கிடந்த அந்த நாட்களில், உள்ளே ஆள் இருப்பதை வெளியே காட்டக்கூடாது என்று ட்யூப்லைட் கற்றுக்கொண்டது. நகரம் அமைதியாகிப் பூட்டைத் திறந்த பிறகும் அது மறக்கவில்லை.

சந்தானத்துக்கு முதலில் இது தெரியாது. பீன்யா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன், முறைப்படிதான் போனான். எளிதில் கெடுவது ட்யூப், அதனால் முதலில் அதைத் திருகிக் கழற்றிப் புதிது போட்டான். எரியவில்லை. அடுத்தது ஸ்டார்ட்டர். விரல் பருமன் டப்பாவுக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. சூட்டில் அது வளைந்து இன்னொன்றைத் தொடும், ஆறியதும் விலகும், விலகும் அந்த நொடியில் சோக் என்கிற கம்பிச்சுருள் ஒரு பெரிய உதை கொடுக்க, குழாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மின்சாரம் தாவும். சிமிட்டுவது எல்லாம் அந்தத் தகட்டின் தடுமாற்றம்தான். அதையும் மாற்றினான். சோக்கையும் மாற்றினான். எரியவில்லை. கடைசியில் எதிர்வீட்டு ஜோசஃபின்தான் சொன்னாள்.

"நீங்க பஸ் ஏறினதும் உங்க கிச்சன் ஜெகஜ்ஜோதியா இருக்குது வனஜாக்கா. பேய்க்குச் சமைச்சு வெச்சிட்டா போறீங்க?"

மூவரும் தெருவில் நின்று பார்த்தார்கள். எரிந்தது. கிருத்திகா கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள், அணைந்தது. காலை எடுத்தாள், இரண்டு தரம் சிமிட்டிவிட்டு எரிந்தது. ஒரு மாதத்தில் தெரு அதற்குப் பழகிவிட்டது. கேஸ்காரனும் தபால்காரரும் சமையலறை ஜன்னலைப் பார்ப்பார்கள். வெளிச்சம் இருந்தால் தட்டாமல் போய்விடுவார்கள், இருட்டாக இருந்தால் கூப்பிடுவார்கள். வனஜாதான் வருஷக்கணக்கில் அரை இருட்டில் காய் நறுக்கி விரலை வெட்டிக்கொண்டாள். "ஊரே மறந்துடுச்சு, இதுக்கு மட்டும் இன்னும் பயம் தெளியல" என்பாள். தான் உள்ளே நிற்கும்போது ஒரே ஒரு நாள் அது எரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பயம் வீட்டிலும் தெளியவில்லை. வாசலில் தமிழில் எழுதியிருந்த பெயரைச் சந்தானம் சுரண்டினான். பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காதே என்று வனஜாவிடம் சொன்னான், ஏனென்றால் அவனுக்கும் மகளுக்கும் கன்னடம் சுத்தமாக வந்தது, அவளுக்கு இரண்டாவது வார்த்தையிலேயே பிறந்த ஊரான திருப்பத்தூர் எட்டிப் பார்த்தது. அதனால் காய்கறியைக்கூட அவனே வாங்கினான். பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கும் அவனே போனான். கிருத்திகாவுக்கு அதுவே வசதியாகிவிட்டது.

2002இல் கல்லூரித் தோழிகள் இருவர் கிருத்திகாவோடு வீட்டுக்கு வந்தார்கள். வனஜா டீயும் முறுக்கும் கொண்டுபோய் வைத்தாள். ஒருத்தி எழுந்து, "நமஸ்தே ஆன்ட்டி" என்றாள். பதிலுக்கு வனஜா, "குடி கண்ணு, ஆறிடப் போவுது" என்று தமிழில் சொல்லிவிட்டாள். தோழி திரும்பி, யார் என்று கேட்டாள்.

"அடுகெ மாடோரு" என்றாள் கிருத்திகா. சமையல்காரி.

வனஜா காலி தட்டோடு உள்ளே போனாள். பெண்கள் டீயைக் குடித்துவிட்டு மூவருமாகச் சினிமாவுக்குக் கிளம்பினார்கள். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அலமாரிக்கு அடியில் ஸ்டார்ட்டர் டிக்கென்றது, ட்யூப் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு எரிந்தது. வனஜா அதற்கு நேர் கீழே நின்றிருந்தாள். தொண்டையைச் செருமினாள். கரண்டியால் குண்டானைத் தட்டினாள். "நான் இங்கதான இருக்கேன்" என்று சத்தமாகவே சொன்னாள். அணையவில்லை.

சாயங்காலம் சந்தானம் வாசற்படியில் கால் வைத்ததும்தான் அணைந்தது. "உள்ளதான் இருக்கியா? லைட்டு எரிஞ்சுதேன்னு டீக்கடையில உக்காந்துட்டு வர்றேன்" என்றான். அவள் கேட்காதபோதும், எர்த் கம்பி சரியில்லை என்று விளக்கம் சொன்னான். அவள் ஊம் கொட்டினாள்.

அன்றிலிருந்து அவள் தனியாக இருக்கும் பகல்களில் அது எரிந்தது. பளிச்சென்ற வெளிச்சம், கீரையில் ஒளிந்த புழுகூடத் தெரியும். கேஸ்காரன் ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போனான். ஜோசஃபினும் கூப்பிடுவதை விட்டாள்.

2005இல் ட்யூப்பின் இரண்டு முனையும் கறுத்து, அந்தக் கறுப்புக்குள் ஒரு சிவப்பு மட்டும் கனன்றது. இழையில் பூசியிருக்கும் மருந்து தீர்ந்து கண்ணாடியில் படிந்தால் அப்படித்தான் ஆகும். வனஜா ஸ்டூல் போட்டு அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முனைக்கடைக்குத் தானே போய்ப் புதிது கேட்டாள். வியாபாரத்துக்காகத் தமிழ் பழகியிருந்த கடைக்காரர் அட்டை உறையை உருவி, வழக்கம்போல மாட்டி எரியவைத்துக் காட்டப் போனார்.

"வேணாண்ணா" என்றாள். "வீட்டுல நான் மட்டுந்தான். எரியும்."