முன் காரில் இருந்தால் புகை தெரியாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தக் கற்பனை இல்லை. என் அக்காவும் அத்தானும் சண்டை போட்டார்கள், எனக்குக் கதை கிடைத்தது. கை பரபரக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

இருவரும் மெக்கானிக்குகள். ஒரே கடை, ஒரே வீடு. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸம்மா ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். டர்போ வைத்த எஞ்சின். தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, ஆனாலும் ஆயில் குறைந்துகொண்டே போகிறது. அப்படியென்றால் உள்ளேதான் எங்கேயோ எரிகிறது. (டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் ஒரு சின்ன விசிறி. சீல் என்பது ஆயில் கசியாமல் அடைக்கும் வளையம், டர்போவிலும் உண்டு, எஞ்சின் வால்விலும் உண்டு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், உங்களுக்கும் அது போதும்.)

"டர்போ சீல் போயிருக்கு" என்றார் அத்தான்.

"டர்போவைக் கழட்டி ஆட்டிப் பாத்துட்டேன். தண்டுல ஆட்டமே இல்ல. இது வால்வ் சீல்" என்றாள் அக்கா.

அத்தான் நர்ஸம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அவ சர்வீஸ் எல்லாம் நல்லாப் பண்ணுவா. டர்போ விஷயத்தை என்கிட்ட விடுங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "வால்வ் சீல் இல்லேன்னா இனிமே இந்தக் கடையில நான் ஸ்பானரைத் தொட மாட்டேன்."

நீங்கள் சிரிக்கலாம். பள்ளியில் படிக்கும்போது ஏதோ கோபத்தில் இனிமேல் காபி குடிக்க மாட்டேன் என்று சொன்னவள், இன்றுவரை குடிப்பதில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்: "கிரீஸ் படிந்த கன்னத்தோடு அவள் எஞ்சினின் மேல் குனிந்து, அதன் நெஞ்சில் காதை வைத்து—"

அக்கா படித்தாள். "கன்னத்துல கிரீஸ் பட்டா துடைச்சுக்க மாட்டேனா? ஓடுற எஞ்சின்ல காதை வச்சா காது வெந்துபோயிடும்டி."

அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கத்தில் அத்தானை வில்லன் ஆக்கிப் பார்த்தேன்: "அவன் மீசையை முறுக்கியபடி—" அத்தானுக்கு மீசையே கிடையாது. அதோடு, பேச்சுவார்த்தை நின்ற பிறகும் அக்காவின் கையுறைகளைத் துவைத்து, காயவைத்து, அவள் டூல் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். இப்படிச் செய்கிற ஆளை எப்படி வில்லன் ஆக்குவது? கடுப்போடு அதையும் அடித்தேன்.

3

இனி நேராகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஆயில் எங்கே எரிகிறது என்பதைப் புகை சொல்லும். மேட்டில் அழுத்தி ஏற்றும்போது நீலப் புகை வந்தால் டர்போ. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி, அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும்போது குப்பென்று வந்தால் வால்வ் சீல்.*

ஆனால் ஓட்டுகிறவர் சாலையைப் பார்ப்பாரா, புகையைப் பார்ப்பாரா? பின்னால் இன்னொரு காரில் ஒருவர் வர வேண்டும். கடையில் இருப்பதோ இரண்டு பேர், அந்த இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அதனால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். அக்கா நர்ஸம்மாவின் காரை ஓட்ட, நான் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் அத்தான். அவர் போனில் என்னிடம் சொல்வார், அது அக்காவுக்கும் நன்றாகக் கேட்கும். இருந்தாலும் அதையே நான் திரும்பச் சொல்ல வேண்டும்.

"மேட்டுல புகைன்னு உங்க அக்காகிட்ட சொல்லு."

"மேட்டுல புகையாம்க்கா."

"இறக்கத்துலயும் புகை."

"இறக்கத்துலயுமாம்."

சமதரையிலும் புகைந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது. இதை எந்தச் சீல் கணக்கில் சேர்ப்பது?

* மெக்கானிக் வாசகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டும் கலந்து வருவதும் உண்டு, அக்காவே சொன்னாள்.

4

இந்த இடத்தில் ஒரு மர்ம மனிதனை நுழைக்கலாமா என்று யோசித்தேன். இரவில் வந்து காரில் கைவைத்துவிட்டுப் போகிற ஒரு... வேண்டாம். நடந்ததே போதும், அதை எந்தக் கொம்பனாலும் கற்பனை செய்ய முடியாது.

கடைக்குத் திரும்பியதும் அக்கா ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஆயில் நின்றது. ஆயிலைக் குடிக்கிற காரில் அது கூடுமா? குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். அதே அளவு.

"காலையில நான் ஊத்துனேன்" என்று குச்சியிடமே சொன்னாள்.

எதிர்ப்பக்கம் நின்றிருந்த அத்தானின் முகம் மாறியது. "நானும் ஊத்துனேனே."

பேசிக்கொள்ளாத காரணத்தால் ஆளுக்கு ஒரு பங்காக ஊற்றியிருக்கிறார்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் நல்ல எஞ்சினே புகையும். முதலில் அக்காவுக்குத்தான் சிரிப்பு வந்தது, அப்புறம் அத்தானுக்கும். நான் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன். எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு நாள் வாய்ப்பது பெரிய பாக்கியம்.

5

கூடுதல் ஆயிலை இறக்கி, பைப்புகளைத் துடைத்து, மறுபடி கிளம்பினோம். இந்த முறை என்னை எந்தக் காரில் வைப்பது? பின் காரில் வைத்தால் எனக்கே எல்லாம் தெரிந்துவிடும், கதையும் அங்கேயே முடிந்துவிடும். நான் உட்கார்ந்தது முன் காரில்தான். நடந்தபடியே எழுதுகிறேன்.

கிளம்பும்முன் அக்கா உள்ளே இருந்த, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டாள்.

"ஏன்க்கா?"

"அவரே சொல்லட்டும். நீயும் திரும்பிப் பாக்காத."

தோற்றால் இந்தக் கடையில் ஸ்பானரையே தொடப்போகாதவள், தன் எதிராளி ஒருவரையே சாட்சியாக வைக்கிறாள். அத்தான் என்ன சொன்னாலும் மறுத்துச் சொல்ல ஆளில்லை.

மேடு. அக்கா அழுத்தி மிதித்தாள். எஞ்சின் உறுமியது. உச்சிக்கு வந்த பிறகுதான் அத்தான் பேசினார்.

"சுத்தமா இருக்கு. புகையே இல்ல. நான் சொன்னது தப்பு."

இதை நான் அக்காவுக்குத் திரும்பச் சொல்லவில்லை.

இறக்கம். அக்கா காலை எடுத்துவிட்டாள், கார் தானாக இறங்கியது. அடிவாரம் தெரிந்தது.

(அ) புகை வருகிறது, அக்கா ஜெயிக்கிறாள். (ஆ) வரவில்லை, இருவர் சொன்னதும் தப்பு, அக்கா ஸ்பானரைக் கீழே வைக்கிறாள். (இ) இரண்டையும் எழுதி முடித்து அக்காவிடம் காட்டினேன். அவள் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, "அவர் அப்போ சொன்னதை எங்கடி எழுதிருக்க?" என்று கேட்டாள்.

அதைத்தான் எழுதாமல் வைத்திருந்தேன். அக்கா மிதிக்கப்போகும்போது போனில் அத்தான் சொன்னது இது: "ஒரு நிமிஷம், மிதிக்காத. புகை வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நாளைக்குக் காலையில கடையை நீதான் தெறக்கற. டர்போவும் நீதான் பாக்கற. நர்ஸம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."

அக்கா கையை நீட்டி, பின்னால் வரும் அத்தானின் கார் தெரியும்படி கண்ணாடியைக் கீழே இறக்கிப் பழையபடி வைத்தாள். அப்புறம் மிதித்தாள்.

நான் அக்கா சொன்ன சொல்லைத் தட்டாமல், திரும்பாமலே உட்கார்ந்திருக்கிறேன். பின் காரில் அத்தானுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள், புகை வருகிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.