ஊஞ்சல் இருந்த இடம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரெங்கராஜ் வீட்டுக் கூடம் நிஜமாகவே கோணல். ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில் இருந்த அந்தப் பழைய வீட்டில் ஒரு பக்கச் சுவர் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். தலைமுறை தலைமுறையாக அதை யாரும் சட்டை செய்ததில்லை. நெஞ்சளவு உயரத்தில் இரண்டு டவர் ஸ்பீக்கர்கள் வந்து இறங்கிய பிறகுதான், கட்டிய கொத்தனாருக்குத் திட்டு விழ ஆரம்பித்தது.

ரெங்கராஜுக்கு மலைக்கோட்டை அடியில் ஜவுளிக்கடை. புடவையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், எது பட்டு, எது பட்டு மாதிரி என்று சொல்லிவிடுவார். அதில் பிரம்மாவே வந்து மறுத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். பாட்டு விஷயத்தில் மட்டும் மனுஷன் பூனைக்குட்டி. நல்ல ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசை கல்யாணத்துக்கு முன்பே வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்து, அவள் பெங்களூரில் குடித்தனம் வைத்த பிறகுதான் கைகூடியது.

ஸ்பீக்கர்கள் சுவரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, அதே தூரத்தில் கேட்பவர் எதிரே உட்கார வேண்டும். பெட்டியோடு வந்த புத்தகம் அப்படித்தான் சொன்னது. ரெங்கராஜ் சணல் கயிறு பிடித்து அளந்தார். உட்கார வேண்டிய இடத்தில் குனிந்து சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். நிமிர்ந்தபோது உச்சந்தலையில் இடித்தது ஊஞ்சல் பலகை.

அது அவர் மனைவி ஆனந்தவள்ளியின் ஊஞ்சல். அதில் உட்கார்ந்துதான் அவள் பூத் தொடுப்பாள், மகளோடு போன் பேசுவாள், மத்தியானம் கண் அசருவாள், புருஷனைத் திட்டுவாள். வீடு முழுக்க ரெங்கராஜுக்கு என்றால், அந்தப் பலகை மட்டும் அவளுக்கு.

“கொஞ்ச நாளைக்கு இதைக் கழட்டி வைக்கலாமா?” என்று தலையைத் தடவிக்கொண்டே கேட்டார் ரெங்கராஜ்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

“கழட்டுங்க. ஆனா வேதாந்தம் சார் வந்து கேட்டு, நல்லாயிருக்குன்னு அவர் வாயால சொல்லணும். சொல்லிட்டா உங்க தூண் ரெண்டும் இங்கயே நிக்கட்டும், ஊஞ்சல் மாடிக்குப் போயிடட்டும். விஜயதசமிக்குள்ள அவர் சொல்லலைன்னா ஊஞ்சல் இதே இடத்துக்கு வந்துடணும். தூண் எங்க போகுதோ எனக்குத் தெரியாது.”

விவரமானவள் ஆனந்தவள்ளி. வேதாந்தம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். உத்திர வீதியில் வீடு. அவர் காதுக்கு ஸ்ரீரங்கமே பயப்படும். தம்புரா சுருதி சேரவில்லை என்று கச்சேரியில் பாதியில் எழுந்து போனவர். உங்கள் ஸ்பீக்கர் இருமுகிறது என்று அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லப்போய், அந்த மனிதர் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இதுவரை அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டே ‘தேவலை’ என்பதுதான். ரெங்கராஜ் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதை வருஷக்கணக்காகப் பார்த்தவள், அந்தத் தலையிலேயே கை வைத்தாள்.

வேதாந்தம் ஒரு பென்டிரைவோடு வந்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பெருக்கல் குறியின் மேல் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஒரு பெண் பாட ஆரம்பித்தாள்; ரெங்கராஜிடமும் இருந்த பாட்டுதான். ஆனந்தவள்ளி தட்டில் வைத்திருந்த மணப்பாறை முறுக்கில் ஒன்றைக் கடித்தாள். வேதாந்தம் கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தினார். மிச்ச முறுக்கு அவள் வாயிலேயே ஊறியது.

“பாடறவா எங்க நிக்கறா?” என்று கேட்டார் வேதாந்தம்.

குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்கிறார் என்பது புரிய, ரெங்கராஜ் தயங்கித் தயங்கி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்த டி.வி. பக்கம் கை காட்டினார்.

“இல்லை. இடது பக்கமா ஒதுங்கி நிக்கறா. நடுவுல வரணும். அதோட மேல் சத்தம் ரொம்பக் கூர்மையா இருக்கு. ஜால்ரா காதுல குத்தறது.”

“சரி பண்ணிடறேங்க சார்.”

“பண்ணுங்கோ. விஜயதசமி அன்னிக்குக் காலம்பற வரேன். நல்ல நாள்.”

உண்மையில் ரெங்கராஜ் காதில் எதுவும் குத்தவில்லை. பெட்டி பிரித்த அன்று அந்தப் பாட்டைப் போட்டபோது அவருக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வேதாந்தம் சொல்லிவிட்டுப் போன நிமிஷத்திலிருந்து அவருக்கும் ஜால்ரா குத்த ஆரம்பித்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து கூடம் படாத பாடு பட்டது. கடையிலிருந்து ஜமுக்காளம் வந்தது. கோணல் சுவரில் வெல்வெட் துணி தொங்கியது. ஸ்பீக்கரை ஒரு விரக்கடை உள்ளே திருப்புவார், ஓடி வந்து நாற்காலியில் உட்காருவார், பாட்டைப் போடுவார், முகத்தைச் சுளிப்பார், எழுந்து போய்த் திரும்பவும் நகர்த்துவார். வாடிக்கையாளர் யாராவது முகூர்த்தப் புடவை கேட்டால்கூட, “நடுவுல நிக்கிற மாதிரி வேணுமா?” என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டார்.

“ஏங்க, அந்தப் பொண்ணு பல்லவியைத் தாண்டவே மாட்டேங்குறாளே. பாவம், அவளுக்கும் தொண்டை வலிக்காதா?” என்றாள் ஆனந்தவள்ளி, தரையில் உட்கார்ந்து பூத் தொடுத்தபடி. தரையில் உட்கார்ந்தால் அவளுக்கு முட்டி வலிக்கும். ரெங்கராஜ் அதைக் கவனிக்காதவர் போல வெல்வெட்டைச் சரி செய்தார்.

ஆயுத பூஜை வந்தது. ரெங்கராஜ் விடிந்ததும் கடைப் பூஜைக்குப் போய்விட்டு, சாயங்காலம்தான் திரும்பினார். மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு, தையல் மிஷின், வாசலில் நின்ற ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள் ஆனந்தவள்ளி. ஸ்பீக்கர்களின் தலையில் ஆளுக்கொரு முழம் கதம்பம் இருந்தது. முகத்தை மூடியிருந்த கறுப்புத் துணிச் சட்டத்தில் பொட்டு எதுவும் இல்லை. ரெங்கராஜுக்கு நிம்மதியாக இருந்தது. கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தார்.

“அதுக்கும் பூஜை போட்டாச்சுங்க. நாளைக்குக் காலையிலதான் தொடணும்,” என்றாள் ஆனந்தவள்ளி.

பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

விஜயதசமியன்று காலையில் வேதாந்தம் வந்தார். நாற்காலி, மூடிய கண், பென்டிரைவ், நின்றுபோன மின்விசிறி. அந்தப் பெண் பாடினாள். ரெங்கராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். வேதாந்தத்தின் விரல் மெல்ல முட்டியில் தாளம் போட ஆரம்பித்தது. கடைசியில் கண்ணைத் திறந்தவர், ஏதோ தொலைத்ததைக் கண்டெடுத்தவர் மாதிரி பார்த்தார்.

“ரெங்கராஜ், என்ன பண்ணினேள்?”

“ஏங்க சார்?”

“அந்தக் கூர்மையெல்லாம் எங்க போச்சு? சத்தம் பழுத்துடுத்தே. ஜால்ரா இருக்கற இடமே தெரியாம, ஆனா இருக்கு. நன்னாயிருக்கு. ரொம்ப நன்னாயிருக்கு.”

‘தேவலை’ இல்லை, ‘நன்னாயிருக்கு’. அதுவும் இரண்டு தடவை. ரெங்கராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

“வலது ஸ்பீக்கரை ஒரு விரக்கடை உள்ள திருப்பினேங்க சார்.”

“அதான். அந்த விரக்கடையை என் காது பிடிச்சுடுத்து.”

ஆனந்தவள்ளி காபியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உத்தரத்தில் வெறுமனே தொங்கிய ஊஞ்சல் கொக்கிகளை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். ஜெயித்துவிட்ட ரெங்கராஜுக்கு அந்தப் பார்வை சுருக்கென்றது.

“அந்த ட்வீட்டரைக் கொஞ்சம் பார்த்துடலாமே,” என்றார் வேதாந்தம். “மேல் சத்தமெல்லாம் அந்தச் சின்னக் குமிழ்லேர்ந்துதானே வரது. பட்டுத்துணியில பண்ணியிருப்பான்னு நினைக்கறேன்.”

பட்டு என்றதும் ரெங்கராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கறுப்புத் துணிச் சட்டத்தைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்தது.

உள்ளே, நகத்தளவு குமிழின் நட்ட நடுவில், தாராளமாக அப்பிக் காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம். கீழே இருந்த பெரிய வட்டங்களுக்கும் பொட்டு இருந்தது. அடுத்த ஸ்பீக்கரைத் திறந்தார். அதுவும் அதே அலங்காரத்தில் இருந்தது.

“நான்தாங்க வச்சேன்,” என்றாள் ஆனந்தவள்ளி. “துணி மேல வச்சா கறை ஆயிடுமேன்னு கழட்டிட்டு வச்சு, திரும்ப மாட்டிட்டேன். பெருசுக்கு வச்சுட்டுச் சின்னதை விட்டா நல்லாவா இருக்கும்? தப்புங்களா?”

அவள் முகத்தில் விஷமம் ஒரு துளிகூட இல்லை. கூடத்தில் அந்தப் பெண் மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். இயற்பியல் படித்தவருக்குக் குமிழில் சுமை ஏறினால் சத்தம் மழுங்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெங்கராஜுக்கும் விளங்கிவிட்டது. அந்த விரக்கடை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

“துடைச்சிடவா சார்?” என்று கேட்டார் ரெங்கராஜ்.

வேதாந்தம் தொண்டையைச் செருமினார். பென்டிரைவை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வேண்டாம். பூஜையில வச்சது. அதுபாட்டுக்கு இருக்கட்டும்,” என்றவர், காபியைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனந்தவள்ளி காபியைப் புருஷனிடம் கொடுத்தாள். “அவர் சொல்லிட்டாரு. பேச்சுன்னா பேச்சு. ஊஞ்சலை மாடிக்கு ஏத்திடுங்க.”

“அவர் என் ஸ்பீக்கரையா நல்லாயிருக்குன்னாரு? உன் சந்தனத்தைல்ல சொன்னாரு.”

“உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?”

“இப்பவா? கொஞ்சம் மந்தமா...”

“மொத நாளு.”

ரெங்கராஜ் காபியைப் பார்த்தார். “மொத நாளு உடம்பு சிலிர்த்துச்சு.”

“அதைச் சொல்றதுக்கு உத்திர வீதியிலேருந்து ஒருத்தர் வரணுமா? கடையில பட்டை யாரைக் கேட்டுத் தொட்டுப் பார்க்கிறீங்க?”

ரெங்கராஜுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளில் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டதையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். பட்டைத் தொடுகிற அதே விரலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, சந்தனத்தைப் பூப்போல ஒற்றி எடுத்தார். வெல்வெட்டைக் கழற்றி மடித்தார். பிறகு ஏணியைக் கொண்டுவந்து, யாரும் கேட்காமலேயே, ஊஞ்சல் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினார்.

பெருக்கல் குறி பலகைக்கு நேர் கீழே இருந்தது. ஆனந்தவள்ளி உட்கார்ந்து, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேருமே நடுவில் இருக்க முடியாது. அவளுக்கு வயலின் பக்கம் வாய்த்தது, அவருக்கு மிருதங்கம் பக்கம். அவள் காலால் தரையை உந்தினாள். ஊஞ்சலோடு சேர்ந்து பாட்டும் கிட்டே வந்து தள்ளிப் போனது. ஜால்ரா கணீரென்று கேட்டது. அவர் கை மறுபடியும் சிலிர்த்தது.

“நல்லாயிருக்குல்ல?” என்று கேட்டார் ரெங்கராஜ்.

“சும்மா இருங்க. இப்பதான் பல்லவியைத் தாண்டியிருக்கா.”