மூன்று தட்டு

பிரகாசம் விஷவாயு முகமூடியின் இரண்டு கண்ணாடிகளிலும் சோப்பைத் தேய்த்துத் துடைத்தான். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். வெயிலில் ரப்பர் நாறியது. மயிலாப்பூர்ப் பள்ளிக்கூட மைதானத்தின் நடுவே ஓர் ஓலைக்கொட்டகைக்குள் ஈர வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். உள்ளே மணல் அடைத்த கோணி. அதன்மேல் குறுக்காக ஒரு தண்டவாளத் துண்டு. ஜப்பான்காரன் குண்டு போட்டு வீடு இடிந்து, ஆள் அடியில் சிக்கியிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் தண்டவாளத்தைத் தூக்கி நகர்த்திவிட்டுக் கோணியை வெளியே கொண்டுவர வேண்டும். விமானத் தாக்குதல் தற்காப்புக்கான ஏ.ஆர்.பி. மீட்புப் படையில் மூன்று மாதமாகத் தற்காலிகமாக இருந்தவர்களில், இன்று தேறுகிறவனுக்கு யுத்தம் முடிகிறவரை வேலை உண்டு. மற்றவன் வீட்டுக்குப் போகலாம்.

பிரகாசத்துக்குக் காது கேட்காது. பதினோரு வருஷம் பாய்லருக்குள் குந்திக்கொண்டு, வெளியே ஆணி அறைகிறவனுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுத்தவன். காது போனதும் பட்டறையில், “கூப்பிட்டால் திரும்புவதில்லை” என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அடுத்தவர் உதட்டைப் பார்த்தே காலம் ஓடியது. வீட்டில் மனைவி அல்போன்சா, தூங்குகிற பிள்ளைக்கு மேலாகச் சத்தமே இல்லாமல் அவனோடு சண்டை போடுவாள். படையில் விஷயம் தெரிந்தவன் ஷாஹுல் ஹமீது ஒருவன்தான். அதே பட்டறையில் வெளியே சம்மட்டி பிடித்தவன்.

பயிற்சி அதிகாரி சிதம்பரநாதனின் வாயைப் பார்த்தே மூன்று மாதத்தை ஓட்டியாயிற்று. இன்று அந்த வாய் முகமூடிக்குள் மறைந்துவிடும்.

அதனால்தான் நேற்றுச் சாயங்காலம் லஸ் முனை டீக்கடையில், தன்னோடும் ஹமீதோடும் ஒரே கோஷ்டியில் வருகிற வெள்ளைத்துரைக்கும் லூயிஸுக்கும் அவன், பாய்லருக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பவர்கள் தட்டிப் பேசிக்கொள்ளும் பாஷையைச் சொல்லிக் கொடுத்தான். அவர்கள் கையைப் பெஞ்சின்மேல் வைக்கச் சொல்லி, கரண்டியால் தட்டினான். ஒன்று: பிடி. இரண்டு: தூக்கு. மூன்று: விட்டுவிட்டு வெளியே வா.

“இன்னாண்ணே, தந்தி ஆபீஸ் வச்சிக்கினு கீறியா?” என்றான் வெள்ளைத்துரை.

“மூடியப் போட்டா நீ கத்துறது எனக்குக் கேக்காது, நான் கத்துறது உனக்குக் கேக்காது. இரும்பு கேக்கும்.”

“டீ வாங்கிக் குடுத்தா கத்துக்கிறேன்.”

வாங்கிக் கொடுத்தான்.

முதல் கோஷ்டி உள்ளே போயிற்று. புகைக்குள் நான்கு ரப்பர் மூஞ்சிகள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. ஒரு பக்கம் தூக்கியது, மறு பக்கம் தூக்கவில்லை. தண்டவாளம் ஒருவன் கால்விரலில் விழுந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். முகமூடியைக் கழற்றியதும் நான்கு பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். பிரகாசம் நான்கு வாயையும் படித்தான். நாலும் சொன்னது ஒன்றைத்தான்: “நான் சொன்னேனே!”

அடுத்து அவர்கள் முறை. முகமூடிக்குள் அவனுடைய மூச்சே அவன் முகத்தில் அடித்தது. புகையில் எதிரே இருப்பவன் லூயிஸா, வெள்ளைத்துரையா என்று தெரியவில்லை. மூலையில் சிதம்பரநாதன் தானும் மூடி போட்டுக்கொண்டு நின்றார். பிரகாசம் கடப்பாரையை எடுத்துத் தண்டவாளத்தில் ஒரு தட்டுத் தட்டினான். ஏழு கைகள் அதைப் பற்றின. இரண்டு தட்டு. தண்டவாளம் மட்டமாக எழும்பியது, நகர்ந்தது. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. பிறகு மூன்று. கோணியோடு நான்கு பேரும் வெயிலுக்கு வந்தார்கள். முகமூடியைக் கழற்றியபோது வெள்ளைத்துரை சிரித்துக்கொண்டிருந்தான். “டீக்காசு வீண்போவலண்ணே!”

சிதம்பரநாதன் கடைசியாக வெளியே வந்தார். மூடியைக் கழற்றவில்லை. நேராகப் பிரகாசத்தின் முன்னால் வந்து நின்றார். ரப்பர் மூக்கு, இரண்டு வட்டக் கண்ணாடி. பேசுகிறாரா, சும்மா நிற்கிறாரா? பிரகாசம் ஹமீதைப் பார்த்தான். ஹமீதின் உதடு அசைந்தது: “தட்டுனது... யாருன்னு கேக்...” சிதம்பரநாதன் நகர்ந்து நடுவில் வந்துவிட்டார்.

“நான்தான் சார்,” என்று சல்யூட் வைத்தான்.

மூடி மேலும் கீழும் ஆடியது. பிறகு அசையாமல் நின்றது. அடுத்த கேள்வி ஏதோ வந்திருக்க வேண்டும். லூயிஸ் அவனை வினோதமாகப் பார்த்தான்.

“ஆமா சார்,” என்றான் பிரகாசம்.

யாரோ சிரித்தார்கள். சிதம்பரநாதன் மெல்ல அவனுக்குப் பின்னால் போனார். பிரகாசம் திரும்பவில்லை, விறைப்பாக நிற்க வேண்டிய நேரம். எதிரே வெள்ளைத்துரைக்கும் லூயிஸுக்கும் திடீரென்று தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் கண் அவன் பிடரிக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. திரும்பினான். சிதம்பரநாதன் கைதட்டிய நிலையிலேயே நின்றார். ஒரு கையால் மூடியை இழுத்துக் கழற்றினார். வேர்வை வழிந்த அந்த வாயில் அவன் படித்த முதல் சொல், “செவிடா?”

“கொஞ்சம்தான் சார்...”

“குண்டு போட வாரான்னு சங்கு ஊதினா உனக்கு யாருடே வந்து சொல்லுவா?”

“அந்த மூடிக்குள்ள யாருக்கு சார் கேட்டுச்சு? கால் ஒடைஞ்சவனுக்குக் கேட்டுச்சா?”

சிதம்பரநாதன் கழற்றிய மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “நான் என்னடே செய்ய? காது கேக்காதவன வச்சிக்கிட முடியாது, ரூல் அப்படி.” பிறகு ஹமீது பக்கம் திரும்பினார். அவர் முகம் பக்கவாட்டில் இருந்ததால் பாதிதான் தெரிந்தது. “அந்தத் தட்டு... ஒண்ணுன்னா என்ன, ரெண்டுன்னா என்ன? சொல்லு, எழுதிக்கிடுதேன். எல்லாக் கோஷ்டிக்கும் பழக்கணும்.”

ஹமீது தரையைப் பார்த்தான். “அத அண்ணனக் கேளுங்க சார்.”

“நீயும் அவன்கூடப் போறியாடே?”

ஹமீதுக்கு மூன்று பிள்ளைகள். பிரகாசம் அவன் தோளைத் தொட்டு, “சொல்லுப்பா,” என்றான்.

முகமூடியைத் துடைத்துப் பையில் போட்டு மேஜைமேல் வைத்தான். தொப்பியையும் வைத்தான். குமாஸ்தா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். மைதானத்தைச் சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி. அதன் கோடியில் கேட். கேட்டின் கம்பியைப் பிடித்தபோது உள்ளங்கை அதிர்ந்தது. ஒன்று.

திரும்பிப் பார்த்தான். அங்கே எல்லாரும் மூடி போட்டாயிற்று. யார் வெள்ளைத்துரை, யார் ஹமீது என்று தெரியவில்லை. வரிசையாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிரம்பு வைத்திருந்த ஒருவர் வேலிக் கம்பத்தைத் தட்டினார். இரண்டு. நிறுத்தி, இன்னொரு முறை இரண்டு.

பிரகாசம் கையை எடுக்கவில்லை.

பிரம்பு மறுபடி உயர்ந்தது. மூன்று தட்டு, இடைவெளி விட்டு, சுத்தமாக. அவன் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தான்.