அழைப்பிதழில் ஒரே முகவரி

உதவிப்பண அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த பெண், கதிரையில் உட்காரும் முன்பே குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தாள். அதில் துஷாந்தியின் மகள் ரூபிகாவின் சாமத்திய வீட்டு, அதாவது பூப்பு விழா, அழைப்பிதழ் ஒட்டியிருந்தது. பிரெஞ்சுப் பக்கம் வெளியே தெரிந்தது. திரு, திருமதி உதயன். கீழே, பாரிஸ் புறநகரான கார்ஜில் இருக்கும் இந்த வீட்டு முகவரி.

உதயன் பிரிந்து போய் மூன்று வருடம். பிள்ளையைத் தனியாக வளர்ப்பவள் என்ற பதிவில்தான் துஷாந்திக்கு உதவிப்பணம் வந்தது. அதிகாலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை வாடகைக்கே போதாது.

"இவர் இங்கே வசிக்கிறாரா?"

"கார்ட்டில் மட்டும்தான், மதாம்" என்று ரூபிகா பிரெஞ்சில் சொன்னாள்.

வந்தவள் சிரிக்கவில்லை. அவர் வேறிடத்தில் வாழ்வதற்குப் பத்து நாளில் அத்தாட்சி வேண்டும், இல்லையென்றால் பணம் நிற்கும் என்றாள். பிள்ளைச் செலவு கேட்டு அவர் மேல் வழக்குப் போட்ட கடிதம் இருந்தாலும் போதும் என்றாள்.

துஷாந்தி பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவுக்குப் போனாள். அங்கே தான் வேலை செய்யும் உணவகத்தின் பின்புறம் உதயன் கொத்துக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான்.

"வேற இடத்தில இருக்கிறன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

"எழுதினா அடுத்தது கோர்ட்டு. சம்பளத்தில பிடிப்பாங்கள்."

"எழுதாட்டி எங்களுக்குச் சாப்பாடு நிக்கும்."

"சபையில தகப்பன் வேணும் எண்டு நீர்தானே பேரைப் போட்டனீர்? கோர்ட்டுக்குப் போனா நான் மேடைக்கு வரமாட்டன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யோகநாதன் திரும்பினான். "அக்கா, கார்ட் அடிக்க முந்தி என்னட்டைக் கேட்டிருக்கலாம். பேரை இருக்க விட்டிட்டு அட்ரஸை வெட்டியிருப்பன்."

"நீ கோப்பையைக் கழுவு" என்றான் உதயன்.

மறுநாள் துஷாந்தி நீதிமன்றத்தின் இலவச உதவி மேசையில் பிள்ளைச் செலவு வழக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தகப்பன் வசிக்கும் இடம் என்ற வரியில் உதயன் தங்கியிருந்த உணவகத்தின் மேல்மாடி அறையை எழுதினாள்.

"அவருக்குக் கடிதம் எப்போது போகும்?"

"இந்தக் கிழமைக்குள்."

விழா அடுத்த சனிக்கிழமை. அதற்குப் பிறகு அனுப்ப முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார்கள். கையெழுத்திட்டு, முத்திரை வைத்த பிரதியை வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து தம்பி சிவதர்சனுக்குப் போன் எடுத்தாள்.

"சனிக்கிழமை மேடையில என்னோட நீதான் நிக்கோணும்."

"ஏன், அத்தான் எங்கை?"

"வரமாட்டார்."

"சனம் கேட்டா என்ன சொல்லுறது அக்கா?"

"பிரிஞ்சு மூண்டு வருசம் எண்டு சொல்லு."